எண்ணூர் சாலையில் ஏழு மாதம், பனியில் ஐந்து வாரம்

மே மாதம் ஒரு மத்தியானம், எங்கள் வீட்டு லாஃப்டிலிருந்து சிவப்பாக எதுவோ ஒழுகிச் சுவரில் கோடு போட்டிருந்தது. ஊறுகாய் ஜாடி உடைந்துவிட்டது என்று அம்மா நினைத்தார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், ஸ்வீடனிலிருந்து நான் கொண்டுவந்திருந்த கிளிஸ்டர் டியூப். பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட தடத்தில் ஓட, ஸ்கீ கட்டையின் அடியில் பூசுகிற பசை அது. பலாப்பழப் பாலையும் தேனையும் சேர்த்துக் காய்ச்சினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். பூஜ்ய டிகிரியைச் சுற்றி வேலை செய்ய வேண்டிய சரக்கு, திருவொற்றியூர் மே மாதத்தில் தண்ணீராக ஓடி, அண்ணனின் கல்யாண ஆல்பத்தை அட்டைப்பெட்டியோடு சேர்த்து ஒட்டிவிட்டது. பெயிண்ட் கடையில் டர்பன்டைன் வாங்கித் துடைத்து ஆல்பத்தை மீட்க இரண்டு நாள் ஆயிற்று. முதல் பக்கத்தில் அண்ணியின் முகம் மட்டும் திரும்ப வரவில்லை. அண்ணி இன்னும் அதை மறக்கவில்லை.

கடலோரத்தில் பிறந்து, பனியை முப்பது வயது வரை டிவியில் மட்டும் பார்த்த ஒருவன் வீட்டில் இந்த டியூப் எதற்கு என்று கேட்கலாம். வேலை விஷயமாக இரண்டு வருஷம் ஸ்வீடனின் டாலார்னா மாகாணத்தில், போர்லெங்கே என்ற ஊரில் இருந்தேன். அங்கே குளிர்காலத்தில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் போகாதவனை ஆபீஸில் பரிதாபமாகப் பார்ப்பார்கள். மலைச்சரிவில் சர்ரென்று இறங்குகிற சறுக்கு இல்லை இது. ஏற்றம், சமதளம், இறக்கம் எல்லாவற்றிலும் சொந்தக் காலாலும் கையாலும் போக வேண்டும். இரண்டு குளிர்காலம் பழகினேன். அப்புறம் ஊர் திரும்பினேன். திரும்பும்போது ஒரே ஓர் ஆசை மிச்சம் இருந்தது: வாசாலோப்பெட்.

மார்ச் மாதத்தின் முதல் ஞாயிறு, சேலன் என்ற இடத்திலிருந்து மோரா என்ற ஊர் வரை 90 கிலோமீட்டர். நம் கணக்கில் மூர்மார்க்கெட்டில் மின்சார ரயிலேறி சூலூர்ப்பேட்டையையும் தாண்டிப் போகிற தூரம். 1922-ல் தொடங்கிய போட்டி. 500 வருஷத்துக்கு முன்னால் குஸ்தாவ் வாசா என்ற பிரபு, டென்மார்க் அரசனுக்கு எதிராக மோரா மக்களைத் திரட்டப் பார்த்து, அவர்கள் தயங்கியதும் நார்வே பக்கம் கிளம்பிவிட்டான். மனம் மாறிய ஊரார் இரண்டு பேரை ஸ்கீயில் அனுப்பிப் பிடித்துக் கூட்டிவரச் சொன்னார்கள். சேலன் பக்கம் பிடித்தார்கள். பின்னாளில் அவன் ராஜா ஆனான். அந்த இரண்டு பேர் அவனைக் கூட்டிவந்த வழியில்தான் இன்று சுமார் 15 ஆயிரம் பேர் ஒரே காலையில் ஓடுகிறார்கள்.

இந்தியாவில் இந்த விளையாட்டே இல்லை என்று நினைக்க வேண்டாம். லடாக்கைச் சேர்ந்த தாஷி லுண்டுப் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கிலும், ஜகதீஷ் சிங் 2018 பியோங்சாங்கிலும் 15 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார்கள். ஆனால் இங்கே இது இமயமலைக்காரர்கள், ராணுவக்காரர்களின் விளையாட்டு. எனக்குத் தெம்பு கொடுத்தவர் வேறொருவர்: ஆறு ஒலிம்பிக்கில் லூஜ் என்ற பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்துக்குப் போன ஷிவா கேசவன். பனிப்பாதை இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிகளுக்கு நடுவே மலைச்சாலையில் பயிற்சி செய்தவர். அவர் ஊர் மனாலி. நமக்கு மணலி. இங்கேயும் லாரிக்குப் பஞ்சமில்லை.

சரி, சக்கரம். ரோலர் ஸ்கீ என்பது சுமார் ஒன்றரை முழ நீளமான ஓர் அலுமினியச் சட்டம். முன்னால் ஒரு ரப்பர் சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில் ஷூவின் மூக்கு மட்டும் மாட்டிக்கொள்ளும், குதிகால் எழும்பும். பிரேக் கிடையாது. இதை இரண்டு தடவை சொல்வேன், ஏனென்றால் எனக்கு ஒரு தடவை சொன்னது போதவில்லை: பிரேக் கிடையாது. கையில் இரண்டு கோல். அதன் முனையில் பனிக்கான பூணைக் கழற்றிவிட்டு, தார் ரோட்டில் குத்தி நிற்கிற கார்பைடு முனை மாட்ட வேண்டும். இணையான தடத்தில் ஓடுகிற கிளாசிக் முறைக்குக் கோலின் நீளம் நம் உயரத்தில் 83 சதவீதம். சர்வதேசப் போட்டிகளில் அதற்கு மேல் கூடாது.

ஜூலையில் ஆரம்பித்தேன். காலை 4 மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுகம் நோக்கி வரிசையாக நிற்கும். டிரைவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்கள். நிற்கிற லாரி ஆபத்தில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு டிரெய்லருக்கு நடுவிலிருந்து பல் விளக்கியபடி திடீரென்று ஒருவர் குறுக்கே வருவார். பிரேக் இல்லாத எனக்கு அவர்தான் பிரேக். இரண்டு முறை மன்னிப்புக் கேட்ட பிறகு அந்தப் பகுதியை விட்டுவிட்டுக் கடலோர உள்சாலைக்கு மாறினேன். அங்கே வேறு பிரச்சினை, மணல். ராத்திரிக் காற்று ரோட்டில் சன்னமாக மணலைப் பரப்பி வைத்திருக்கும். சக்கரம் அதில் ஏறியதும் கால் நின்றுவிடும், உடம்பு போய்க்கொண்டே இருக்கும். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அதன் கையெழுத்து.

ஆகவே இதை முயல்கிறவர்களுக்கு: தலைக்கவசம், கையுறை, முழங்கை உறை மூன்றும் இல்லாமல் இறங்காதீர்கள். முதல் நாள் அந்தச் சாலையை நடந்தே பாருங்கள். பின்னால் ஒருவர் பைக்கில் விளக்கை மினுக்கியபடி வரட்டும். எனக்குச் சித்தப்பா பையன் வந்தான். கூலி ஒரு தட்டு இட்லி வடகறி, சில நாள் இரண்டு தட்டு.

நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடுகிறவனைத் துரத்துகிற நாய், கையில் இரண்டு கோலோடு சக்கரத்தில் வருகிறவனைக் கண்டால் ஜாதியையே கூட்டிக்கொண்டு வரும். கோலை ஓங்கினால் கதை முடிந்தது. நின்று, கோல்களைக் கீழே சாய்த்து, பேசாமல் நடந்து கடந்துவிட வேண்டும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். செம்மண் நிற நாய் ஒன்று மட்டும் ஏழு மாதமும் பழகவில்லை.

காற்றின் திசையும் பார்க்க வேண்டும். மணலிப் பக்கத்திலிருந்து வீசும் நாளில் தொண்டை எரியும். அன்று பெரிய மூச்சு வாங்குகிற பயிற்சி வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். கடற்காற்று நல்லது, ஆனால் உப்பு. பேரிங் ஆறு வாரத்தில் கரகரவென்று பேச ஆரம்பித்துவிடும். பழைய பேரிங்கைக் கையில் எடுத்துப்போய் பிராட்வேயில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் இது எந்த மிஷின் என்றார். சொன்னேன். பேரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கோலின் முனை கழன்றால் பயப்பட வேண்டாம். சூடாக்கினால் இளகுகிற பசையில்தான் அதை ஒட்டியிருக்கிறார்கள். கொதிக்கிற தண்ணீரில் காட்டினால் வந்துவிடும், புதியதை அதேபோல ஒட்டலாம்.

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. மேம்பாலம்தான் மலை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரே மேம்பாலத்தை இருபது தடவை ஏறுவேன். இறங்கும்போது ஸ்கீயைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பேன். வீரம் காட்ட வேண்டிய இடம் அது இல்லை.

வெயிலைப் பற்றிப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். ஸ்வீடனில் சுலபமாகப் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் என் இதயத்துடிப்பு 135 இருக்கும். அதே 135-ஐ இங்கே ஆகஸ்ட் மாதம் பிடித்துக்கொண்டு போகப் பார்த்தேன். நடப்பவர்கள் என்னை முந்திப் போனார்கள். சூட்டைத் தணிக்க உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. அதனால் அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. எனக்கு அது 150-ஐத் தொட்டது. ஒரு மாதம் எண்ணோடு மல்லுக்கட்டிய பிறகுதான் கடிகாரத்தை விட்டுவிட்டு, வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்க்கப் பழகினேன். சித்தப்பா பையனோடு வம்பளக்க முடிந்தால் சரியான வேகம். நார்வே வீரர்களே பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை இப்படி மெதுவாகத்தான் கழிக்கிறார்கள். தண்ணீர்க் கணக்கு இன்னும் சுலபம்: போகும் முன் எடை, வந்த பின் எடை. ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு ஒன்றரைக் கிலோ குறைந்தது. கடையில் விற்கும் பொடிகளைவிட அம்மாவின் உப்புப் போட்ட நீராகாரம் எனக்கு ஒத்துக்கொண்டது.

இந்த ஏழு மாதத்தில் உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்று என்றால், அதைச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர், எண்ணூர் கழிமுகத்தில் கழி ஊன்றிப் படகு தள்ளியவர். ஒருநாள் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டபுள் போலிங் செய்துகொண்டிருந்தேன். இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றி, காலை அசைக்காமல், தள்ளித் தள்ளிப் போகிற முறை அது. மூன்று தடவை அவரைக் கடந்தேன். நாலாவது தடவை கூப்பிட்டார்.

"இன்னாடா, கையால தள்ளிக்கினு கீற?"

"ஆமா பெரியப்பா, இது கைக்குத்தான்."

"எவன் சொன்னான்? கழி ஊனறவன் கையால தள்ளுனான்னா நாலாம் நாளு தோள் கழண்டுடும். ஒடம்ப அது மேல போடு. கை சும்மா கட்ன கயிறு மாதிரி இருக்கணும்."

எழுந்து வந்து என் கோலை வாங்கினார். ரோட்டில் ஊன்றினார். குதிகால் எழும்ப முன்பாதத்தில் நின்று, இடுப்பை முன்னால் கொண்டுபோய், அப்படியே வயிறு மடங்க விழுந்தார். கை மடங்கவே இல்லை. முனை தாரில் 'ணங்' என்று குத்திய சத்தம் என் குத்தலில் என்றைக்கும் வந்ததில்லை. ஸ்வீடனில் ஒரு பயிற்சியாளர் இதையேதான் இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்: வயிற்றுத் தசையால் தள்ளு, உயரத்திலிருந்து விழு, எடை வேலை செய்யட்டும். அவர் சொன்னபோது அது ஒரு குறிப்பு. பெரியப்பா விழுந்தபோதுதான் உடம்புக்குப் புரிந்தது. அன்றிலிருந்து முழங்கை வலி குறைந்தது. மழைக்காலத்தில் ஈர ரோட்டில் முனை வழுக்கும், வெள்ளைக்கோடு போட்ட இடம் எண்ணெய் மாதிரி. அதனால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஜன்னல் கம்பியில் சைக்கிள் டியூபைக் கட்டி, அதே விழுதலைத் தினம் ஐந்நூறு தடவை விழுந்தேன். ஜன்னல் சட்டம் லேசாக வெளியே வந்துவிட்டது. வீட்டு ஓனரிடம் மழை என்று சொல்லியிருக்கிறோம்.

குளிரை மட்டும் இங்கே சம்பாதிக்க முடியாது. ஆனாலும் முயன்றேன். காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கோல்டு ஸ்டோரேஜில் பள்ளித்தோழன் வேலை செய்கிறான். உள்ளே மைனஸ் 18. பந்தய உடையையும் கையுறையையும் போட்டுக்கொண்டு, இறால் பெட்டிகளுக்கு நடுவே கோலோடு பத்து நிமிடம் நின்றேன். அங்கே இரண்டு விஷயம் தெரிந்தது. என் தடிமனான கையுறையோடு ஜிப்பைத் திறக்க முடியாது. பையில் இருந்த பேரீச்சம்பழம் கல்லாகிவிடும். இரண்டையும் மாற்றினேன்: மெல்லிய கையுறை, மேலே காற்றுத் தடுக்க ஓர் உறை. பழத்தை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைப்பது. ஆனால் அந்த அறையில் காற்று இல்லை, வியர்வையும் இல்லை. பனியில் ஆளைக் கொல்வது அந்த இரண்டும் சேர்ந்ததுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் போர்லெங்கே போய்ச் சேர்ந்தேன். பழைய சகா வீட்டில் ஜாகை. விசா, விமானம், லீவு பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. செலவு எவ்வளவு என்று எழுதினால் அம்மா படித்துவிடுவார்.

பக்கத்தில் ஃபாலூன் நகரம், அங்கே லுக்னெட் மைதானம். 2015-ல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்த தடம். அங்கே ஓர் ஏற்றத்துக்குக் 'கொலைகார மேடு' என்றே பெயர். முதல் நாள் அதன் அடிவாரத்தில் நின்று, மேம்பாலம் மேம்பாலமாக ஏறிய கால்தானே என்று எட்டு வைத்தேன். கட்டை பின்னால் வழுக்கிப் போனது. மறுபடி வைத்தேன், மறுபடி வழுக்கியது. ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். அவர் கட்டை வழுக்கவில்லை.

காரணம் அன்று ராத்திரி புரிந்தது. ரோலர் ஸ்கீயின் ஒரு சக்கரத்தில் ராட்செட் இருக்கும். முன்னால் மட்டும் உருளும், பின்னால் உருளாது. நான் எப்படி மிதித்தாலும் அது பிடித்துக்கொள்ளும். பனியில் பிடிப்பது சக்கரம் இல்லை, கட்டையின் நடுப்பகுதியில் பூசிய மெழுகு. கட்டை வில்லாக வளைந்திருக்கும். முழு எடையையும் ஒரே காலில், சரியான கணத்தில், நேர் கீழே அழுத்தினால்தான் அந்த நடுப்பகுதி பனியைத் தொடும். ஏழு மாதமாக நான் பின்னால் உதைத்துக்கொண்டிருந்தேன், ராட்செட் என்னிடம் 'சரி, சரி' என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ரோலர் ஸ்கீயில் பழகுகிறவர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது கோலைக் கீழே வைத்துவிட்டு, ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் ஆடாமல் உருள முடிகிறது என்று பாருங்கள். கால் உதை நன்றாக வருகிறது என்று சக்கரம் சொல்வதை நம்பாதீர்கள்.

வந்த ஐந்தாம் நாள் ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில் உள்ளூர் 10 கிலோமீட்டர் பந்தயம். மைனஸ் 14. குளிருக்குப் பயந்து மூன்று அடுக்கு போட்டேன். இரண்டாவது கிலோமீட்டரில் உள்ளே மழை, நாலாவதில் அந்த மழை ஐஸ். போட்டி தொடங்கும்போது கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் உடை சரி. ஆனால் சமதளம் வந்ததும் ஒரு சந்தோஷம். பெரியப்பா சொன்ன மாதிரி விழுந்தேன். இரண்டு பேரை முந்தினேன். அதில் ஒருவர் பதினாறு வயதுப் பையன் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது போட்டிதான் இந்தப் பருவத்தையே தீர்மானித்தது. 42 கிலோமீட்டர். வாசாலோப்பெட்டில் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து கிளம்பினாலும், முந்தைய தகுதிப் போட்டிகளில் எடுத்த நேரத்தைப் பார்த்துக் குழு குழுவாக நிறுத்துவார்கள். நேரம் எதுவும் இல்லாதவனுக்குக் கடைசிக் குழு. இந்த 42-ஐ நான்கு மணி நேரத்துக்குள் ஓடினால் இரண்டு குழு முன்னால் போகலாம் என்பது என் கணக்கு.

முந்தைய நாள் மாலை போய்த் தடத்தைத் தொட்டுப் பார்த்தேன். பகலில் உருகி, மாலையில் உறைந்து, கண்ணாடி. அதற்கு மருந்து கிளிஸ்டர்தான். ஆல்பத்தை ஒட்டிய அதே இனம். சகாவின் கராஜில் உட்கார்ந்து, டியூபைக் கொஞ்சம் சூடாக்கி, மீன்முள் வடிவத்தில் பிழிந்து, கட்டைவிரலால் தேய்த்துப் பரப்பி, வெளியே ஆறவைத்தேன். முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் வழுக்கு மெழுகு, இஸ்திரிப்பெட்டி மாதிரியான கருவியால் உருக்கி ஏற்றி, சுரண்டி, தூரிகை போட்டேன். (இதை வீட்டு இஸ்திரிப்பெட்டியில் செய்யாதீர்கள். சூடு நிலையாக நிற்காது, கட்டையின் அடி கருகும், அப்புறம் சட்டையெல்லாம் மெழுகு. திருவொற்றியூரில் செய்து பார்த்துவிட்டேன்.) கட்டை பளபளவென்று இருந்தது. பத்து மணிக்குத் தூங்கிவிட்டேன்.

காலையில் ஜன்னலைத் திறந்தால் ஊரே வெள்ளை. ராத்திரி முழுக்கப் புதுப்பனி, இரண்டு விரல்கடை இருக்கும். கிளிஸ்டருக்கும் புதுப்பனிக்கும் ஆகவே ஆகாது. பசை புதுப்பனியைப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பனி இன்னும் பனியைப் பிடித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச ஒரு மணி நேரம் ஆகுமே, பஸ் போய்விடுமே என்று அப்படியே கிளம்பினேன். நாலாவது கிலோமீட்டரில் என் இரண்டு காலடியிலும் கொழுக்கட்டை. கால் முன்னால் வழுக்கவே இல்லை. பொய்க்கால் குதிரைக்காரன் மாதிரி நடந்தேன். நின்று, கோல் முனையால் சுரண்டினேன். ஐந்நூறு மீட்டர் போவேன், மறுபடி கொழுக்கட்டை. சுரண்டும் கருவி வீட்டில் இருந்தது. புதுப்பனிக்கான கெட்டி மெழுகும் வீட்டில். ஒரு பெரியவர் நின்று, தன் பையிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் சுரண்டியைக் கொடுத்து, அவருடைய நீல மெழுகையும் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். ஈரமும் பசையும் இருந்த இடத்தில் அது ஒட்டவில்லை. 5 மணி 40 நிமிடம்.

அன்றைக்குக் கற்றது: தடத்தை முந்தைய நாள் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ராத்திரி அடிமெழுகோடு நிறுத்திக்கொண்டு, காலையில் வெப்பநிலையையும் பனியையும் பார்த்த பிறகு மேல்பூச்சைப் போடுங்கள். புதுப்பனி என்றால் கிளிஸ்டரைச் சுரண்டுவதற்குப் பஸ்ஸையே விடலாம். ஒரு சுரண்டி, மெழுகைத் தேய்க்க ஒரு தக்கை, ஒரு கெட்டி மெழுகு, மூன்றும் சேர்த்து ஒரு தீப்பெட்டிப் பண்டல் கனம்கூட இல்லை, இடுப்புப் பையில் இருக்கட்டும். ஃப்ளோரின் கலந்த விலையுயர்ந்த மெழுகெல்லாம் 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளில் தடை. அதனால் காசு இருப்பவன் இல்லாதவன் வித்தியாசம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் சோம்பேறிக்கு எந்த மெழுகும் உதவாது.

ஆக, மார்ச் முதல் ஞாயிறு, காலை 8 மணி, கடைசிக் குழு. எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கான முதுகு. அகலமான வயலில் கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே முதல் மலை. அகலம் சுருங்குகிறது, எல்லாரும் நிற்கிறார்கள். கந்தசாமி கோயில் பக்கம் தீபாவளிக் கூட்டத்தில் மாட்டினால் எப்படியோ அப்படி. முன்னால் இருப்பவர் கட்டையின் பின்னால் என் கட்டை, என் கோலின் மேல் யாரோ ஒருவரின் காலடி. என் பக்கத்தில் ஒருவரின் கோல் உடைந்தது, அவர் சத்தமே போடவில்லை. ஒரு படி, நிற்பது, ஒரு படி. முதல் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வியர்வை இல்லாமல் நின்றதில் குளிர் உள்ளே இறங்கியது.

ஏழு சோதனைச் சாவடிகள்: ஸ்மோகன், மோங்ஸ்புதார்னா, ரிஸ்பெரி, எவர்ட்ஸ்பெரி, ஊக்ஸ்பெரி, ஹோக்பெரி, எல்ட்ரிஸ். ஒவ்வொன்றிலும் குறித்த நேரம் ஆனதும் தடத்தின் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குப் பின் வருகிறவருக்கு அன்றைய பந்தயம் முடிந்தது. 11-வது கிலோமீட்டர் ஸ்மோகனைத் தாண்டும்போதே கயிறைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே வந்ததும் சதுப்புநிலச் சமதளம், தண்டவாளம் போல இரட்டைத் தடம் நீண்டு கிடந்தது. அங்கே விழுந்தேன் பாருங்கள், எண்ணூர் சாலை முழுக்க விழுந்தேன். நூற்றுக்கணக்கில் முந்தினேன், இதில் பதினாறு வயதுக்காரர் யாரும் இல்லை. 35-வது கிலோமீட்டரில் ரிஸ்பெரி. அங்கே சூடாகப் புளூபெரி சூப் கொடுப்பார்கள். நாவல்பழச்சாற்றில் சர்க்கரையும் கொஞ்சம் மாவும் போட்டுக் காய்ச்சினது மாதிரி, ஊதா நிறம். நேரம் போகிறதே என்று முதல் இரண்டு சாவடியிலும் அதைக் குடிக்காமல் தாண்டியிருந்தேன். அதுதான் அன்றைய தப்பு. 47-ல் எவர்ட்ஸ்பெரி தாண்டி நல்ல இறக்கம், சிரித்துக்கொண்டே போனேன். 60 வாக்கில் கை இருந்தது, கண் இருந்தது, நடுவில் ஆள் இல்லை. பசி என்றுகூடத் தெரியவில்லை, சும்மா உட்காரத் தோன்றியது. ஊக்ஸ்பெரியில் ஐந்து குவளை குடித்தேன். அது வேலை செய்ய நேரம் வேண்டுமே. ஏற்றங்களில் என் உதை மறுபடி வழுக்கியது.

ஹோக்பெரி, 71-வது கிலோமீட்டர். கயிறு கட்டியிருந்தார்கள். ஆறு நிமிடம். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் என் தோளில் கை வைத்து ஏதோ ஆறுதலாகச் சொன்னார், எனக்கு அந்த அளவு ஸ்வீடிஷ் தெரியும், இருந்தும் காதில் விழவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து ஆள் தன் பன்னில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே இருட்டில், தலைவிளக்குகள் மோரா பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

ஊர் வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். கணக்குக் கேட்டார்.

"எம்மாந் தூரம்?"

"தொண்ணூறு. எழுபத்தொண்ணு போனேன்."

"எங்க நேரம் போச்சி?"

முதல் மலை, கூட்டம், ஒரு மணி நேரம் என்றேன். ஏன் கடைசியில் நின்றாய் என்றார். 42 கிலோமீட்டர் போட்டி, கிளிஸ்டர், கொழுக்கட்டை எல்லாம் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அந்தப் பசை பூசாம போனா ஆவாதா?"

ஆகும். முன்வரிசையில் ஓடுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் அப்படித்தான். பிடிமான மெழுகே பூசுவதில்லை. அடி முழுக்க வழுக்கு மெழுகு மட்டும், 90 கிலோமீட்டரும் டபுள் போலிங். 2021-ல் நார்வேயின் தூர்ட் ஆஸ்லெ யெர்டாலன் 3 மணி 28 நிமிடத்தில் ஓடிய சாதனையும் கைபலத்தால் வந்ததுதான். அவர்கள் உடம்பு வேறு, ஏற்றத்தையும் கையாலேயே ஏறிவிடுவார்கள். என்னால் முதல் மலையை அப்படி ஏற முடியாது. ஆனால் அங்கே கடைசிக் குழுவில் யாரும் ஏறுவதில்லை, க்யூவில் நிற்கிறோம், கட்டையைப் பக்கவாட்டில் வைத்துப் படி ஏறுவது போல ஏறிக்கொள்ளலாம். மற்றபடி தொடங்கும் இடத்தைவிட மோரா தாழ்வு. சமதளத்தில் கோலை ஊன்றி விழுவதற்கு எங்கள் ஊரைப் போல ஒரு தட்டையான ஊர் வேறு எங்கே கிடைக்கும்?

இந்த ஜூலையிலிருந்து ரோலர் ஸ்கீயில் கால் உதைப் பயிற்சியை நிறுத்திவிட்டேன். ராட்செட் இல்லாத சக்கரம் மாட்டியாயிற்று. வாரம் நான்கு நாள் விழுகிறேன், ஒரு நாள் மேம்பாலத்தையும் கையாலேயே ஏறுகிறேன். இப்போதைக்கு எட்டு தடவைதான் முடிகிறது. கிளிஸ்டர் டியூப் மூன்றையும் சகாவின் கராஜிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பாமல், ஏணி போட்டு லாஃப்டில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.